கொழுப்புறை இல்லாத வைரஸ் உள்ளே நுழைவது எப்படி?

2020-இல் கொரோனா வந்தபின் நம் வீடுகளில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்கூட ஒரு சானிடைசர் புட்டி குடியேறிவிட்டது. கொரோனா வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்புறை உண்டு. ஆல்கஹால் அதைக் குலைத்துவிடும். போலியோவுக்கும், வாந்திபேதி தரும் நோரோ வைரஸுக்கும் அந்த உறையே கிடையாது. வெறும் புரத ஓடுதான். அவை சானிடைசருக்கு அவ்வளவாக மசிவதில்லை.

நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் டிப்ளமா எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தியின் போலியோ சொட்டு மருந்தை முன்னிட்டு இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாவதுபோல, உறையுள்ள வைரஸ் நம் செல்லின் கொழுப்புச் சவ்வோடு கலந்து உள்ளே போய்விடும். உறையில்லாததற்கு அந்த வழி இல்லை. துளைத்துத்தான் போகவேண்டும்.

போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும்! நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 வீதம், ஆணியோ வெல்டிங்கோ இல்லாமல் ஒன்றோடொன்று பொருந்திய உருண்டை அது. வயிற்று அமிலமும் அதை அசைக்காது. உள்ளே சரக்கு, சுமார் 7,500 எழுத்துள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை.

இவ்வளவு கெட்டியான பெட்டி, சேரவேண்டிய இடத்தில் மட்டும் எப்படித் திறக்கிறது? என்னை வியக்க வைத்தது இதுதான். நம் செல்லின் மேல் சிடி155 என்றொரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது, 1989-இல் கண்டுபிடித்தார்கள். ஓட்டிலுள்ள பள்ளத்தில் அது சாவிபோலப் பொருந்துகிறது. உடல் சூட்டில் ஓடு தளர்ந்து சற்றே உப்புகிறது. அதுவரை உள்ளே ஒளிந்திருந்த புரதத் துண்டுகள் வெளியே வந்து சவ்வில் குத்தித் துளையிட, ஆர்.என்.ஏ. உள்ளே இறங்குகிறது. சீல் வைத்த வேகனை ஸ்டேஷன்காரர்களே திறந்துவிட்ட கதை! எலிக்கு இந்தச் சாவி இல்லை. 1990-இல் மனித மரபணுவை எலியில் சேர்த்ததும் அதற்கும் போலியோ வந்தது.

குழந்தைகளுக்குப் பேதி தரும் ரோட்டா வைரஸ் இன்னும் தந்திரசாலி. அதன் வெளிப்புரதத்தை நம் குடலின் செரிமான நொதியான டிரிப்ஸின் வெட்டிக் கொடுத்தால்தான் நுழையும் பலமே அதற்கு வருகிறது.

தடுப்பு மருந்தால் உண்டாகும் எதிர்ப்புரதங்கள் ஓட்டின்மேல் ஒட்டிக்கொண்டு, சாவி பொருந்தவிடாமல் செய்கின்றன. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், நமக்கு ஆற்றின் எதிர்க்கரையான ஹௌரா மாவட்டத்தில், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையை. 2014 மார்ச் 27-இல் போலியோ அற்ற நாடு என்று சான்று கிடைத்தது. அண்டை நாடுகளில் அது இன்னும் இருப்பதால் சொட்டு மருந்தை விடக்கூடாது. ரோட்டா மருந்தும் 2016 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம்.

வீட்டில் செய்யவேண்டியது சோப்புப் போட்டு இருபது விநாடி கை தேய்ப்பது. சோப்பு இந்த ஓட்டை உடைப்பதில்லை. கையிலிருந்து பெயர்த்துவிடுகிறது, தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. ஆகவே பக்கெட்டில் கையை முக்கி எடுப்பது கழுவியதாகாது. குழாயைத் திறந்துவிடுங்கள், அல்லது யாராவது செம்பால் ஊற்றட்டும்.