ஸ்டீயரிங் உதறுகிறதா? எப்போது என்று கவனியுங்கள்!

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் என்ன கேட்கிறார்? "எப்போதிலிருந்து? ராத்திரி மட்டுமா, பகலிலும் உண்டா? இருமல் இருக்கா? வாந்தி எடுத்தானா?" பாதி வைத்தியம் நாம் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது, இல்லையா?

காருக்கும் இதே கதைதான், சகோதரிகளே! ஓட்டும்போது ஸ்டீயரிங் கையில் உதறுகிறது என்றால், "உதறுது" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது உதறுகிறது? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, பிடிக்காதபோதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் நோய் என்ன என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

"கார் ரிப்பேர் ஆம்பிளைங்க சமாசாரமாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உலகத்தில் முதன்முதலாகக் காரை நெடுந்தூரம் ஓட்டிச் சென்றவரே ஒரு பெண்மணிதான். 1888 ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்பவர், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித் தன் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். கவனித்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது நமக்குப் புதிதா என்ன?

எங்கள் ஊர் பந்தல்குடி. அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. எங்க வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. மாதத்தில் இரண்டு தடவைதான் வருவார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அத்தையை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மாசமாயிருக்கும் நாத்தனாரைச் செக்கப்புக்குக் கூட்டிப் போவது எல்லாம் என் பொறுப்பு. வீட்டில் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ஒரு சின்னக் கார்.

முதலில் ரோட்டைப் பாருங்கள்

எங்கள் பக்கம் கரிசல் பூமி. மழை பெய்தால் இந்த மண் உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட கிராமத்து ரோடு, காய்ந்த அப்பளம் போல மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அதில் எந்தக் காரும் ஆடும். ஆகவே, கார் உதறுகிறதா என்று பார்ப்பதானால் சமதளமான நல்ல ரோட்டில் பாருங்கள். அங்கேயும் உதறினால்தான் அது வண்டியின் கோளாறு.

வேகம் கூடினால் வரும் உதறல்

போன ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் வண்டிக்கு வந்தது இதுதான். அறுபதில் போனால் ஒன்றுமில்லை. எழுபத்தைந்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும். நூறை நெருங்கினால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். நாத்தனாருக்கு அப்போது ஏழாம் மாதம். பக்கத்தில் அவளை உட்கார வைத்துக்கொண்டு இப்படி ஆடினால் மனசு என்ன பாடுபடும்!

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ரேக்கே போயிருச்சும்மா. மாத்தணும். இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்றார்கள். பிரசவச் செலவுக்கென்று நாங்கள் எடுத்து வைத்திருந்த பணமே அவ்வளவுதான்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிக் குறித்து வைத்தேன்: 75க்குக் கீழே ஒன்றுமில்லை. 80 முதல் 95 வரை ஆட்டம். பிரேக் பிடித்தால் கூடவில்லை. ஒரு பக்கமாக இழுக்கவில்லை. மேடு பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் இல்லை. மழைக்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அந்தக் குறிப்போடு அருப்புக்கோட்டையில் வீல் பாலன்ஸிங் செய்யும் கடைக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி அதைப் படித்துவிட்டு, "அக்கா, மழை நேரம் காட்டுப் பக்கம் போனீங்களா?" என்று கேட்டார். மக்காச்சோளக் காட்டுக்கு வண்டிப் பாதையில் போய் வந்தது உண்மைதான். முன் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்பக்க வளையத்தில் ஒரே இடத்தில் கரிசல் மண் அடை தட்டின மாதிரி ஒட்டிக் காய்ந்து கிடந்தது! சுரண்டி எடுத்துவிட்டு மெஷினில் சுற்றிப் பார்த்தால், அந்த இடத்தில் இருந்த ஈய வில்லை ஒன்றையும் காணோம். புது வில்லை ஒட்டினார். மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தார். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயோடு போயிற்று. அந்த வாரமே மதுரை போய் வந்தோம், அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஸ்டீயரிங் அசையவில்லை.

கொஞ்சம் மண்ணுக்கு இவ்வளவு ஆட்டமா என்று தோன்றும். வாஷிங் மெஷினில் நனைந்த போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டுவிட்டால் பிழியும்போது மெஷினே நடந்து வருகிறதே, அதுதான் இது. சின்னக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது. அப்போது வளையத்தில் ஒட்டிய 20 கிராம் மண், அதாவது நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை எடை, கிட்டத்தட்ட மூன்று கிலோ பாரத்தின் வலுவோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்காகிவிடும். அதனால்தான் மெதுவாகப் போகும்போது தெரிவதில்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஏன் அதிகம்? தூளியை அதன் தாளத்துக்குத் தகுந்தபடி ஆட்டிவிட்டால்தானே நன்றாக ஆடுகிறது? காரின் முன்பகுதிக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. சக்கரத்தின் சுழற்சி அந்தத் தாளத்தோடு சேரும் வேகத்தில் ஆட்டம் கூடும், தாண்டினால் குறையும்.

இன்னொன்று. ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் காலடியிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

பிரேக் பிடித்தால் மட்டும்

நேராகப் போகும்போது ஆட்டமே இல்லை. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றால், முன்பக்கப் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு போன்ற அந்த இரும்பு ஒரே கனத்தில் இல்லாமல் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தாலும், அதன்மேல் பேடின் பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தாலும் இப்படி ஆகும். மெக்கானிக்குகள் "டிஸ்க் பெண்ட்" என்பார்கள். இதற்குப் பாலன்ஸிங் எத்தனை தடவை செய்தாலும் பிரயோஜனம் இல்லை. நெடுந்தூரம் ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள், ஆறட்டும்.

சடாரென்று பிரேக் அடிக்கும்போது மட்டும் பெடல் காலில் 'கட கட' என்று உதைத்தால் பயப்படாதீர்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அது இயல்பு. காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடியுங்கள்.

மெதுவாகப் போகும்போதே தள்ளாட்டமா? நிறுத்துங்கள்!

இருபது, முப்பது வேகத்திலேயே வண்டி வாத்து மாதிரி தள்ளாடினால் அலட்சியமே கூடாது. டயரின் உள் இழைகள் பிரிந்து ஒரு பக்கம் வீங்கியிருக்கலாம். ரிம் நெளிந்திருக்கலாம். சக்கரத்தின் நட் தளர்ந்திருக்கலாம். முதலாவதில் டயர் வெடிக்கும்; கடைசியில் சக்கரமே கழன்று ஓடும்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர். சீமைக்கருவேல முள் குத்தி டயர் இறங்கி, ரோட்டோரத்திலேயே ஸ்டெப்னி மாற்றினார்கள். மறுநாள் பிள்ளைகளோடு கிளம்பி ஊர் எல்லை தாண்டுமுன்னே வண்டி தள்ளாடியது. உடனே ஓரம்கட்டிப் பார்த்தால், இரண்டு நட் விரலால் திருகினாலே சுற்றுகிறது! அப்படியே நான்குவழிச் சாலையில் ஏறியிருந்தால்... நினைக்கவே குலை நடுங்குகிறது.

சக்கரம் மாற்றினால் நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். வட்டமாக வரிசையாக அல்ல. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மற்ற நேரங்களில்

• சிக்னலில் நிற்கும்போது, அதுவும் ஏ.சி. போட்டதும் நடுக்கம்: சக்கரத்தில் குற்றமில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையோ எஞ்சினையோ பார்க்க வேண்டும்.

• ஆக்ஸிலேட்டரை அழுத்தி வேகம் எடுக்கும்போது மட்டும் ஆட்டம்: ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட். முழுக்கத் திருப்பும்போது 'டிக் டிக்' சத்தம்: வெளிப்பக்க ஜாயிண்ட்.

• 'ஊம்ம்' என்ற சத்தம், வளைவில் கூடிக் குறைகிறது: வீல் பேரிங்.

• பள்ளத்தில் விழுந்து எழும்போது 'டக்' சத்தம், ஸ்டீயரிங்கில் லூசு: டை ராடு, பால் ஜாயிண்ட், ரேக். இவை தேய்ந்திருந்தால் செலவைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

• நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, டயர் ஓரம் மட்டும் தேய்கிறது: காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீல் அலைன்மென்ட். பலர் அலைன்மென்டையும் பாலன்ஸிங்கையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அலைன்மென்ட், சக்கரம் பார்க்கும் திசை. பாலன்ஸிங், சக்கரத்தின் எடைச் சமநிலை. இரண்டும் வெவ்வேறு வேலை, வெவ்வேறு பில்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலை நேரத்தில் இதைச் செய்யுங்கள். நாலு டயரையும் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் தேய்வு இருந்தால் விரலுக்குத் தெரியும். உள்பக்கம் டார்ச் அடித்து மண் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். பள்ளத்துக்குள்ளே இருக்கும் சின்ன ரப்பர் மேடுகள் பட்டனோடு சமமாகிவிட்டால் அதுதான் அளவு.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், எங்கள் ஊர் மாதிரி வெயிலில் நின்று நின்று ரப்பர் காய்ந்துவிடும். ஆகவே வயதையும் பாருங்கள்.

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வெயிலில் ஓடி வந்த சூட்டில் காற்று கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

"ரேக் மாத்தணுமா?" என்று நாமே ஆரம்பிக்க வேண்டாம். எப்போது, எந்த வேகத்தில், பிரேக்கோடா இல்லாமலா, எங்கே தெரிகிறது என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நடை ஓட்டிப் பார்க்கச் சொல்லி, கூடவே உட்கார்ந்து போங்கள். "முதல்ல பாலன்ஸிங் பாருங்க தம்பி. சரியாகலேன்னா அப்புறம் மேற்கொண்டு பார்க்கலாம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. பாகம் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

ஓடும்போது திடீரென்று பலமாக உதறினால் பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கையாலும் கெட்டியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். பிள்ளைகளை இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. யாருக்காவது உடம்புக்கு என்றால் 108. இந்த இரண்டு எண்ணையும் காரிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கூடவே இருக்கட்டும்.