அடிக்கடி நீர் போகிறதா? உருண்டை வாங்குமுன் விரலைக் காட்டுங்கள்



சில மாதங்களுக்கு முன், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எங்கள் தோட்ட மருந்தகத்துக்கு வந்தார். மற்றவர்கள் போகும்வரை ஓரமாகக் காத்திருந்தார். பிறகு, "ஐயா, ஓயாம ஒண்ணுக்கு வருது. ராத்திரியில நாலு தடவ எந்திரிக்கிறேன். வேலைக்காட்டுல எங்க போயி ஒதுங்கறது?" என்று மெல்லக் கேட்டார்.

செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர் அவர். ஒதுங்க இடமில்லை என்பதால் காலையில் தண்ணீரே குடிப்பதில்லையாம். (வேலைக்காட்டில் பெண்களுக்குக் கழிவறை கேட்பது சங்கத்தின் வேலை. அதையும் கேட்டாக வேண்டும்.) பட்டணத்துச் சீனர் மருந்துக் கடையில் வாங்கிய கறுப்பு உருண்டையை மூன்று மாதம் சாப்பிட்டும் குறையவில்லை.

சீன மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. அந்த வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, சிறுநீரகத்தில் சூடு குறைந்துவிட்டது, அதனால் நீர்ப்பை மூடி நிற்கவில்லை என்பார். இதற்கென்றே பல நூறு ஆண்டுகளாகக் கொடுக்கும் மருந்து 'சுவோ சுவான் வான்'. ஊற்றைச் சுருக்கும் உருண்டை என்று பொருள். சரக்கு மூன்றுதான்: இஞ்சி இனத்துக் காய் ஒன்று, 'ஊ யாவ்' என்னும் வேர், சீனத்து வள்ளிக்கிழங்கு. படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். சிலருக்குக் கேட்கிறது என்கிறார்கள். ஆனால் உறுதியாகச் சொல்லுமளவுக்கு ஆராய்ச்சி இல்லை.

என் பயம் வேறு. அந்த அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 19. சாப்பிட்ட பிறகுகூட 11-ஐத் தாண்டக் கூடாது. இனிப்பு நீர்! இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை நீரோடு வெளியேறும்போது, உடம்பிலுள்ள தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம், அதனால்தான் குடம் குடமாய் நீர். நீர்ப்பையைச் சுருக்கும் உருண்டை இதற்கு என்ன செய்யும்? மூன்று மாதம் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

கொஞ்சம் கொஞ்சமாக, திடீரென்று அடக்க முடியாமல் வந்தால் அது நீர்ப்பையின் கோளாறாக இருக்கலாம். கோப்பி, தேத்தண்ணியைக் குறைத்து, வந்தவுடன் ஓடாமல் ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டுப் பழகினாலே பலருக்குக் குறையும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கிருமி. வயதான ஆண்களுக்கு நீர் மெல்லிசாய்ச் சொட்டினால் உள்ளே சுரப்பி வீங்கியிருக்கலாம். நீரில் இரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சோதித்த பிறகும் சீன மருந்துதான் வேண்டுமென்றால், டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவு எண்ணைப் பாருங்கள். எண் இல்லாத உருண்டைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அது சர்க்கரையை இன்னும் ஏற்றும். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அம்மா அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இப்போது இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். போன வாரம் அந்த டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

"பாதி இருக்கே ஐயா, காசு குடுத்து வாங்கினது..." என்றார்.

"போடுங்கம்மா குப்பையில," என்றேன்.