கடல் தாண்டிய கத்திரிக்காய்!

குட்டீஸ்... வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்து விடுமுறை நாளில் புதுச்சேரி நகருக்கோ, ஆரோவில்லுக்கோ போனால், சில சைவ உணவகங்களில் ஒரு விசித்திரமான பட்டியலை நீட்டுவார்கள். ஹம்மஸ், ஃபலாஃபல், பாபா கனூஷ், ஜாஜிகி... எல்லாமே வாயில் நுழையாத பெயர்கள்! 'மத்திய தரைக்கடல் நாட்டு உணவு' என்று மேலே போட்டிருக்கும். 'நமக்கு இதெல்லாம் சரிப்படாதுப்பா' என்று நழுவத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பெயரை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். பாதிக்கு மேல் நம் வீட்டுச் சமாச்சாரம்!

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என மூன்று கண்டங்களுக்கு நடுவே கிடக்கிறது மத்திய தரைக்கடல். கிரீஸ், இத்தாலி, துருக்கி, லெபனான், எகிப்து போன்ற நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. அவர்கள் சாப்பாடுதான் இது.

ஹம்மஸ் என்றால் அரபு மொழியில் கொண்டைக்கடலை என்றே பொருள். நாம் சுண்டல் செய்கிறோமே, அதே கடலைதான். வேக வைத்து, எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து வெண்ணெய் போல அரைத்து விடுகிறார்கள். மேலே ஆலிவ் எண்ணெய். ஜாஜிகி என்பது கிரேக்க நாட்டு வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. ஃபலாஃபல், நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரன்! ஊறிய கொண்டைக்கடலையை வேக வைக்காமல் கொரகொரவென்று அரைத்து, வெங்காயம், மல்லித்தழை, சீரகம் போட்டு எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். எகிப்தில் கடலைக்குப் பதில் மொச்சை போன்ற ஒரு பெரிய பயறு.

பாகூரை, 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என்பார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்தமான ஒன்றும் உண்டு. திராட்சைக் கொடியின் இலையில் அரிசியைப் பொதிந்து, விரல் நீளத்துக்குச் சுருட்டி வேக வைக்கிறார்கள். பெயர் டோல்மா. கொழுக்கட்டை மாதிரி இலையைப் பிரித்து எறிந்து விடாதீர்கள். இலையோடு சாப்பிட வேண்டும்!

இப்போது கத்திரிக்காய்க்கு வருவோம். பாபா கனூஷ் என்பது சுட்ட கத்திரிக்காயைத் தோல் உரித்து மசித்துச் செய்வது. சுட்ட கத்திரிக்காய்க் கொத்சு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புகை வாசனை உடனே பிடிபட்டு விடும். இதில் ஒரு வேடிக்கை. கத்திரிக்காய் அவர்கள் ஊர்க் காயே இல்லை. நம் ஆசியாவில் விளைந்தது, பாரசீகம், அரபு நாடுகள் வழியாகத்தான் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பெயரும் கூடவே நடந்தது. சமஸ்கிருதத்தில் வாதிங்கணம், பாரசீகத்தில் பாதிங்கான், அரபியில் பாதின்ஜான், ஸ்பெயினில் பெரென்ஹேனா, போர்ச்சுகலில் பெரின்ஜேலா. போர்ச்சுக்கீசியர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பெயரும் திரும்பி வந்து, 'பிரிஞ்சால்' ஆகி, உங்கள் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் உட்கார்ந்து கொண்டது. உலகம் சுற்றிய கத்திரிக்காய்!

சரி, அவர்கள் ஊர்ச் சரக்கு நம் பக்கம் வந்ததே இல்லையா? வந்தது. அதுவும் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே! வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு அடுத்திருப்பது அரியாங்குப்பம் கொம்யூன். அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1937ம் ஆண்டு, ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞருக்கு அந்த ஊர்ச் சிறுவர்கள் சில மணிக் கற்களைக் கொடுத்தார்கள். அங்கே கிடைத்த கல் ஒன்றில் ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் போன்ற ஒரு முகம் செதுக்கியிருந்ததாம்! 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டினார். ரோமானிய ஜாடிகளின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இரண்டு கைப்பிடி, கூரான அடிப்பாகம் கொண்ட இந்த ஜாடிக்கு ஆம்போரா என்று பெயர். கூரான அடி எதற்கு? கப்பலுக்குள் நெருக்கமாக அடுக்கத்தான். பெரும்பாலான ஜாடிகளில் வந்தது திராட்சை மது. சிலவற்றில் ஆலிவ் எண்ணெய், சிலவற்றில் மீன் சாறு. ஆக, ஹம்மஸ் மேல் ஊற்றுகிற எண்ணெய் நம் அக்கம்பக்கத்துக்குப் புதிது அல்ல.

பதிலுக்கு அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது மிளகு. எகிப்து நாட்டில், செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு கோயிலில் இந்திய ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு, அப்படியே! அந்தக் காலத்தில் இத்தாலியில் தக்காளி கிடையாது. நம்மிடம் மிளகாய் கிடையாது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்தவை. காரம் என்றால் மிளகுதான்.

'அங்கே எல்லாரும் இறைச்சி சாப்பிடுவார்களே, சைவம் எப்படி வந்தது?' என்று கேட்கிறீர்களா? நம் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை போல, கிரேக்கத்திலும் எகிப்திலும் பழமையான கிறிஸ்தவ சபையினருக்கு விரத நாட்கள் நிறைய. அப்போது இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடுவதில்லை. பயறு, கீரை, கத்திரிக்காய், ஆலிவ் எண்ணெய் என்று சமைத்துச் சமைத்துக் கைதேர்ந்து விட்டார்கள். நமக்காக யாரும் இறைச்சியை எடுத்துவிட்டுச் செய்த உணவு அல்ல இது!

முள்கரண்டி பிடிக்கத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். பிட்டா என்ற ரொட்டியைக் கையால் பிய்த்து, ஹம்மஸில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் முறை.

வீட்டில் சுத்த சைவம் என்றால், ஒன்றை மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள். பார்மேசன் என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டி செய்யும்போது, பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். பார்த்தால் தெரியாது. சைவ முறையில் செய்த பாலாடைக்கட்டிகளும் உண்டு. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். பரிமாறுபவரிடம் தயங்காமல் கேட்கலாம். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நகரத்துக்குப் போக முடியாவிட்டால், அம்மாவோ அப்பாவோ துணையிருக்க வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கப் கொண்டைக்கடலையை இரவு ஊற வைத்து, மறுநாள் குழைய வேக வையுங்கள். லேசாக வறுத்த வெள்ளை எள் 2 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, கடலை வெந்த தண்ணீரையே விட்டு நைசாக அரையுங்கள். ஆலிவ் எண்ணெய் விலை அதிகம். நல்லெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றினால் வேறொரு ருசி. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். ஹம்மஸ் என்று சொல்லி மிரட்டாமல், 'கடலைத் துவையல்' என்று சொல்லி வையுங்கள். வீட்டில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்!