மலைப்பாதையும் பழுதுற்ற டயரும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கார் செலுத்தும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் டயரின் காயம் எவ்விடத்திலுள்ளதென்பதை முதலிற் கவனித்தல் வேண்டும். தரையிற் படியும் பாகத்தில் ஆணி தைத்த துவாரம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாவிடின், டயரைக் கழற்றி உட்புறம் ஒட்டுப்போட்டு உபயோகிக்கலாம். கல் மோதிப் பக்கவாட்டில் புடைப்புக் கண்டாலோ சங்கதி வேறு. உள்ளிருக்கும் நூல்கள் அறுந்துபோக, காற்று வெளிரப்பரைத் தள்ளுகின்றதென்பதே அதன் பொருள். அதற்கு ஒட்டு ஏது? மலைச்சரிவில் இறங்குங்கால் அது வெடிக்கக்கூடுமாதலால் தாமதமின்றி மாற்றவேண்டும். காற்றிறங்கியபின்னும் ஓட்டப்பட்ட டயர் வெளிப்பார்வைக்குப் பழுதின்றித் தோன்றினும், கழற்றினால் உள்ளே ரப்பர்த்தூள் உதிர்ந்திருக்கும், அதுவும் உதவாது. தேய்ந்து வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தது காயமில்லாவிடினும் தள்ளத்தக்கதே. அவ்வாறு கழித்ததைச் செலவுக்கஞ்சி ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வது சிலரது வழக்கம். இருட்டியபின் மலைமேல் அதையே மாட்டி இறங்க நேரிடும்.