மரபுக் கட்டிடங்களின் மறுபயன்பாடு

மரபுக் கட்டிட மறுபயன்பாடு என்பது, தொடக்கத் தேவை இல்லாமற்போன பழைய கட்டிடம் ஒன்றை, அதன் மரபுச் சிறப்புக் கெடாதவாறு வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதைக் குறிக்கும். பூட்டிக் கிடக்கும் கட்டிடம் விரைவில் பழுதடைகிறது. கூரை ஒழுக்கை அடைக்கவோ சுவர் வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்கவோ அங்கே ஆளில்லை. ஆகவே பயன்பாட்டில் வைத்திருப்பது பேணுதலுக்கு உதவும் சிறந்த வழிகளுள் ஒன்று. எனினும் பொருந்தாத பயன்பாடு கட்டிடத்துக்குக் கேடாகவும் முடியலாம். 1964 ஆம் ஆண்டின் வெனிசு பட்டயம், சமூகப் பயனுள்ள பயன்பாட்டை வரவேற்கும் அதேவேளை, அதற்காகக் கட்டிடத்தின் தள அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்கிறது.

பயன்பாட்டைத் தெரிவு செய்தல்

கட்டிடத்துக்கேற்ற பயன்பாட்டைத் தேட வேண்டுமேயன்றி, பயன்பாட்டுக்கேற்பக் கட்டிடத்தை வெட்டித் திருத்தக்கூடாது. இதற்குப் பின்வருவன கருத்திற் கொள்ளப்படுகின்றன:

• இட அமைப்பு: பெரிய கூடங்கள் அருங்காட்சியகத்துக்கும், வரிசையான சிறு அறைகள் தங்கும் விடுதிக்கும் பொருந்தும்.
• சுமை: மரத் தளங்கள் வீட்டுப் புழக்கத்தைத் தாங்கினாலும், நூலகம் அல்லது ஆவணக் காப்பகத்தின் எடையைத் தாங்காமற் போகலாம்.
• புதிய வசதிகள்: மின்கம்பி, குளிரூட்டி, கழிவறை, தீத்தடுப்பு ஆகியவற்றைச் சுவர்களைச் சிதைக்காமல் அமைக்க முடிய வேண்டும்.
• மீள்தன்மை: புதிய தடுப்புகளைப் பின்னாளில் தடயமின்றி அகற்ற முடிய வேண்டும்.
• பராமரிப்புச் செலவு: அதைத் தொடர்ந்து ஈடுசெய்ய வழி இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

பாரிசின் ஓர்சே தொடருந்து நிலையம் 1900 இல் திறக்கப்பட்டது. பின்னர் வந்த நீண்ட தொடருந்துகளுக்கு அதன் நடைமேடைகள் போதவில்லை. இடிபடும் நிலையிலிருந்து தப்பிய அக்கட்டிடம் 1986 இல் அருங்காட்சியகமானது. கண்ணாடிக் கூரை வழியே ஒளி பாயும் அதன் நீண்ட கூடம் இன்று சிற்பக்கூடமாக உள்ளது.

சென்னையில், ஆற்காடு நவாபுக்காக 18 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை பிற்காலத்தில் அரசு அலுவலகங்களாகப் பயன்பட்டது. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 சனவரியில் தீ விபத்தில் பெரும் சேதமடைந்தது. பின்னர் சீரமைக்கப்பட்ட அங்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடம்பெற்றது. கட்டிடத்தைக் காலியாக விடாமல் பயன்படுத்துவது மட்டும் போதாது என்பதையும், அப்பயன்பாட்டுக்கு உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளும் தேவை என்பதையும் இது காட்டுகிறது.