பாரிசவாதம்: மணியைப் பாருங்கள்

போன மாதம் ஒரு லயத்தில் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறியது. "காத்துச் சேட்டையா இருக்கும்" என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பகல் கொழுந்து நிறுத்து முடிந்திருந்தது.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்தாலும் பாரிசவாதம் வரும், வெடித்தாலும் வரும். எதுவென்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள், வெடிப்பாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். கஞ்சி, தண்ணீரும் வேண்டாம், புரையேறும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை 3 மணித்தியாலத்துக்குள் போட்டால் பலனுண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. நம்ம தோட்டத்து ரோட்டுக்கு அதுவும் போதாதுதான்! அதனால் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே 1990க்கு போன் பண்ணுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இந்த நோய்க்குப் பெரிய காரணம் பிரஷர். இலங்கையில் 700 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்ததில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுப்பட்டது. வழக்கமான வைத்தியத்தில் 55 பேருக்கு. எந்தக் குளிசை என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். தலைச்சுற்று நின்றுவிட்டதென்று நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

அந்த அம்மா இப்போது பயிற்சிக்குப் போய்க் கரண்டி பிடிக்கப் பழகுகிறார். அவருடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கடைசி நாலு மாதமும் வெறுமையாக இருந்தது.