ஆங்கிலப் பன்மைச் சொற்கள்



நம் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் ஒருங்கே பயில்கின்றனர். அவர்தம் ஆங்கில ஏடுகளைத் திருத்துங்கால் அடிக்கடி காணப்படுவது ஒருமை பன்மைப் பிழையாகும். "ஃபைவ் கவ்" என்று எழுதுவர். "சில்ரன்ஸ்" என்றும் எழுதுவர். ஓரிடத்தில் 'எஸ்' குறைகிறது, மற்றோரிடத்தில் மிகுகிறது. சிவப்பு மையைக் கண்ட பிள்ளை, "ஆங்கிலம் எனக்கு வராது" என்று மனம் சோர்ந்து ஒதுங்கிவிடுகிறது. இப்பிழைக்கு அறிவுக்குறைவு காரணமன்று.

தமிழில் "மாடு வந்தது" என்றும், "மாடு வந்தன" என்றும் கூறலாம். இத்தகைய பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர் இலக்கண நூலோர். "ஐந்து மாடு" என்றாலே பன்மை விளங்கிவிடும். மலாயிலும் "லீமா எக்கோர் லெம்பு" என்பதே வழக்கு. எண் வந்தபின் 'லெம்பு' இரட்டிப்பதில்லை. இவ்விரு மொழிகளையும் அறிந்த பிள்ளை அவ்வழக்கத்தையே ஆங்கிலத்திற்கும் கொண்டு செல்கிறது. ஆங்கிலமோ எண் முன்னே நின்றாலும் பெயரும் பன்மையாக வேண்டும் என்னும் மொழி. ஆகவே, "ஃபைவ் கவ்ஸ்" என்க.

'எஸ்' சேராத சொற்களும் உள. அவற்றை வகைப்படுத்திப் பயின்றால் அச்சம் நீங்கும்.

முதலாவது, இடையில் உயிரொலி மாறுவன: ஃபுட் – ஃபீட், டூத் – டீத், கூஸ் – கீஸ், மேன் – மென். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் இவற்றின் பன்மை ஈற்றில் இகரம் போன்ற ஒலி நின்றது. அது முன்னிருந்த உயிரொலியை மாற்றிய பின் தேய்ந்து மறைந்தது. மாற்றம் மட்டும் எஞ்சியது. கீரிப்பிள்ளையைக் குறிக்கும் 'மங்கூஸ்' அத்தகையதன்று. அது பிற்காலத்தில் மராத்திய மொழி வழியே ஆங்கிலம் புகுந்த சொல். ஆதலின் அதன் பன்மை 'மங்கூஸஸ்', 'மங்கீஸ்' ஆகாது.

இரண்டாவது, 'என்' ஈறு பெறுவன: ஆக்ஸ் – ஆக்ஸன், சைல்ட் – சில்ரன். 'சில்ரன்' இரட்டைப் பன்மையாகும். பண்டைய பன்மை ஈற்றின்மேல் 'என்' என்னும் ஈறும் சேர்ந்தது. 'மாணவர்' என்பதே பலர்பாலாக இருக்க, நாம் 'மாணவர்கள்' என்பது போன்றதே இது. ஆகவே, மூன்றாவதாக ஓர் 'எஸ்' வேண்டா.

மூன்றாவது, 'எஃப்' திரிந்து 'வி' ஆவன: பால்மரத்தின் இலை ஒன்றாயின் 'லீஃப்', பலவாயின் 'லீவ்ஸ்'. கத்தி ஒன்றாயின் 'நைஃப்', பலவாயின் 'நைவ்ஸ்'. எனினும் 'ரூஃப்', 'சீஃப்' ஆகியவை திரியாமல் 'ரூஃப்ஸ்', 'சீஃப்ஸ்' என்றே வரும்.

நான்காவது, மாறாதன: ஷீப், டீர். ஒன்றாயினும் நூறாயினும் இவை அவ்வாறே நிற்கும்.

இவையன்றி, எண்ணப்படாத பெயர்களும் உள. ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க், அட்வைஸ் என்பவற்றோடு 'எஸ்' சேர்த்தல் பிழை. நாம் 'அரிசி' என்கிறோம். எத்தனை மூட்டை இருப்பினும் 'அரிசிகள்' என்பதில்லை அன்றோ! 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' ஆகியவை 'எஸ்' பெற்றிருப்பினும் ஒருமையே. ஆகவே, "தி நியூஸ் இஸ் குட்" என்பதே சரி.

விதிக்கு மாறான இச்சொற்களிற் பல, உடலுறுப்பு, குடும்பத்தார், விலங்கு ஆகியவற்றின் பெயர்கள். அன்றாடம் நாவில் புழங்கியமையால் இவை பழைய வடிவிலேயே நிலைத்தன. அதே பழக்கத்தினாலேயே நாமும் இவற்றைக் கற்றல் இயலும்.

பெற்றோர்களே! ஆங்கிலம் அறியாதவரும் இதில் உதவலாம். பிள்ளை வாரத்திற்கு ஐந்து இணைச் சொற்களைத் தாளில் எழுதட்டும். வேலை முடிந்து வந்தபின், தாங்கள் ஒரு பல்லையோ பாதத்தையோ காட்டி ஒரு விரல் நீட்டுங்கள். பிள்ளை ஒருமையைக் கூறட்டும். இரு விரல் நீட்டுங்கள், பன்மையைக் கூறட்டும். நாள்தோறும் பத்து நிமிடம் போதும். தவறினால் கடிந்துகொள்ளாதீர்கள், தாளைப் பார்த்து மீண்டும் சொல்லச் செய்யுங்கள். மும்மொழிகளைச் சுமக்கும் பிள்ளைக்கு நாம் தரவேண்டியது துணிவே.